கதவு கடிக்கிறது என்றார் பாக்கியம் அக்கா

வேலைக்குப் போகும் இடத்தில் எல்லாரும் மீட்டர் பெட்டி எங்கே என்று தேடும்போது நான் மட்டும் வாசலில் கிடக்கும் சிலிப்பர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னோடு வயரிங் வேலைக்கு வந்த தம்பிகளே, உங்களில் சிலர் அதைக் கண்டு சிரித்திருக்கிறீர்கள். "அண்ணன் நல்ல சிலிப்பரா பாத்து வைக்கிறாரு லா, போகும்போது போட்டுக்கிட்டுப் போறதுக்கு" என்று ஒரு தம்பி சொன்னது என் காதில் விழாமல் இல்லை. வேலை நேரத்தில் சொல்லக்கூடிய கதை இல்லை அது. இப்போது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், சொல்கிறேன். சிரிக்க வேண்டியதை இந்த இடத்திலேயே சிரித்து முடித்துவிடுங்கள்.

எண்பதுகளில் பத்து பெரிங்கிக் கடற்கரைச் சாலையின் மேல்பக்கம், சவுக்கு மரங்களுக்கு நடுவே, ஒருவர் கேரவன்களை வரிசையாக நிறுத்தி வாடகைக்கு விட்டார். மோட்டார் காடியின் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சக்கர வீடுகள்தான். ஆஸ்திரேலியாவில் ஓடிக் களைத்தவற்றைக் கப்பலில் கொண்டுவந்து, இங்கே செங்கல்லும் மரக்கட்டையும் முட்டுக் கொடுத்து ஒரே இடத்தில் நிற்க வைத்துவிட்டார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. கேஸ் சிலிண்டர்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்ததால் கேஸ் ஹீட்டர்களைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்கு அடியில் கரண்டில் ஓடும் சின்ன ஹீட்டர் தொட்டிகளை வைத்தோம். அந்த வேலை எங்களுக்கு வந்தது.

எங்களுக்கு என்றால், எனக்கும் என் அண்ணனுக்கும். கூடப்பிறந்தவர் இல்லை. நான் வயர்மேன் வேலை பழகியது அவரிடம்தான். பெயர் சொல்லமாட்டேன், அவர் பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். ஜார்ஜ் டவுனில் அவர் கை படாத பழைய கடைவீடுகள் குறைவு. வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில் நிற்கும், ஆனால் வேலையில் ஏமாற்றத் தெரியாத மனிதர். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது சோம்பேறி செய்த தவறு என்றால் இதை எழுதவேண்டிய அவசியமே இல்லை. சோம்பேறிகளைத் திருத்த மேனேஜர்கள் இருக்கிறார்கள்.

கேரவன்களைக் கழுவிச் சுத்தம் செய்தவர் பாக்கியம் அக்கா. அவர் கணவர் சின்னசாமி அண்ணன் அங்கேயே தோட்டக்காரர். இருவரும் சுங்கை பினாங்கிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருவார்கள். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளை டீச்சர் ஆக்கிவிட வேண்டும் என்பதுதான் அந்த வீட்டில் எந்நேரமும் ஓடிய பேச்சு.

ஹீட்டரைக் கவனிக்க நாங்கள் அக்காவுக்குத்தான் சொல்லிக்கொடுத்தோம். தொட்டி நிறையாமல் சுவிட்சைப் போட்டால் உள்ளே தண்ணீரைச் சுடவைக்கும் எலிமெண்ட் எரிந்துபோகும். அதனால் முதலில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும், காற்று சீறி முடிந்து தண்ணீர் சீராக வர வேண்டும், அதன் பிறகே சுவிட்ச். ஒருமுறை சொன்னோம். அவர் கைபட்டு ஒரு எலிமெண்ட்கூட எரிந்ததில்லை. உங்களில் சிலருக்கு இதை நான் எத்தனை முறை சொன்னேன் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்த வருடம் மழைக்காலத்தில் வாடகைக்கு யாரும் வரவில்லை. கடைசிக் கேரவனில் மட்டும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். அவருக்கு எப்போது வந்தாலும் சுடுதண்ணீர் வேண்டும், ஆகவே ஹீட்டர் அணைவதே இல்லை. காலையில் சப்பாத்து போட்டுக்கொண்டு இறங்குவார், சாயங்காலம் அதே சப்பாத்தோடு உள்ளே ஏறுவார். "தூங்கும்போதாவது கழட்டுவாரா, இல்ல அதோடவே படுத்துக்குவாரா?" என்று அக்கா கிண்டல் செய்வார். ஒவ்வொரு நாளும் அந்த மண்ணைக் கூட்டித் துடைப்பது அவர்தானே.

அக்கா அப்படி ஏறமாட்டார். வேலை செய்யும் இடம் என்றாலும் அது ஒருவர் குடியிருக்கும் வீடு. புல்தரையில் சிலிப்பரை ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு நின்று கதவைத் திறப்பார். நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம்.

ஒருநாள் நாங்கள் வேறு வேலையாக அங்கே போயிருந்தபோது அவர் சொன்னார்.

"அண்ணே, அந்தக் கடைசிக் கேரவன் கதவு கடிக்குது."

"கதவுக்குப் பல்லு மொளச்சிடுச்சா?" என்றார் அண்ணன்.

"சிரிக்காதீங்க அண்ணே. மழை பேஞ்சு தரை ஈரமா இருந்தா சுர்ருன்னு கையில ஏறுது. நேத்து தோள்பட்டை வரைக்கும் வந்துச்சு."

"வெள்ளக்காரன் ஒண்ணும் சொல்லலியே?"

"அவருக்கு ஒண்ணும் இல்லையாம். கேட்டேன். நோ ப்ராப்ளம்ங்கறாரு."

அண்ணன் சிரித்தாரே தவிர, சும்மா விட்டுவிடவில்லை. நேராக அந்தக் கேரவனுக்குப் போனார். பழைய வயர்மேன்கள் செய்வதுபோலப் புறங்கையால் கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு முழுக் கையாலும் பிடித்தார். ஒன்றும் இல்லை. என்னையும் தொடச் சொன்னார். எனக்கும் ஒன்றும் இல்லை. உள்ளே போய், கட்டில் பலகையைத் தூக்கி, ஹீட்டரிலிருந்து தண்ணீர்க் குழாய்க்குப் போகும் எர்த் ஒயரை இழுத்துப் பார்த்தார். தான் போட்ட கிளிப்பு, கல்லு மாதிரி இருந்தது.

"எர்த்து பைப்புல புடிச்சிருக்கு. பைப்பு மண்ணுக்குள்ள போகுது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று என்னிடம் சொன்னார். அக்காவிடம் வேறு மாதிரிச் சொன்னார்:

"பயந்து பயந்து பட்டும் படாம தொட்டா அப்படித்தான்மா இருக்கும். கெட்டியாப் புடிச்சுத் திற. ஒண்ணும் செய்யாது."

பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த சின்னசாமி அண்ணனும் அதைக் கேட்டார். "பெரியவரு சொல்றாருல்ல, கெட்டியாப் புடி" என்றார். அக்கா சரி என்று தலையாட்டினார்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், தவறு எங்கே என்று. அண்ணன் காலில் ரப்பர் பூட்ஸ். என் காலிலும் அதுவே. வெள்ளைக்காரர் காலில் சப்பாத்து. கதவு கடித்தது வெறுங்காலோடு நின்றவரை மட்டும். கடித்ததாகச் சொன்னவர் நின்ற மாதிரி எங்களில் யாரும் நிற்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் தண்ணீர் வருவது இரும்புக் குழாயில். அது தெருவுக்கு அடியில் மண்ணுக்குள் ஓடுகிறது. அதில் எர்த்தைக் கட்டிவிட்டால் கசிகிற கரண்டு மண்ணில் இறங்கிவிடும். அண்ணன் காலமெல்லாம் அப்படித்தான் கட்டினார், எந்த வீட்டிலும் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதே வேலையைத்தான் கேரவனிலும் செய்தார். ஆனால் கேரவனின் குழாய் அதன் சுவரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தரையில் உள்ள பைப்புக்கு நடுவே ஒரு பச்சை நிற ரப்பர் ஓஸ். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற அதே ஓஸ். நாங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் நடந்தோம். சக்கரமும் ரப்பர், முட்டுக் கொடுத்ததும் செங்கல்லும் மரமும். அந்த எர்த் எங்கேயும் போய்ச் சேரவில்லை. உப்புக்காற்றிலும் தண்ணீரிலும் எலிமெண்டின் மேல்தோல் அரித்து, கசிந்த கரண்டு முழுக்க அந்த அலுமினியச் சுவரிலும் கதவிலும் வந்து நின்றது. ஈரத் தரையில் யாராவது வெறுங்காலோடு வந்து தொடட்டும் என்று காத்திருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை. முதல்நாள் பெய்த மழை புல்தரையில் தேங்கிக் கிடந்தது. கம்பத்தில் இருந்த விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். அண்ணன் கம்பத்தடியில், எல்லாக் கேரவனுக்கும் கரண்டு போகும் மெயின் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். நான் கம்பத்துக்கும் கடைசிக் கேரவனுக்கும் நடுவே, பள்ளத்துத் தண்ணீரில் ஒயரைத் தேடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் என் பூட்ஸுக்குள்ளும் ஏறியிருந்தது.

சத்தம் எதுவும் வரவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குப் பயமாக இருக்கிறது. நிமிர்ந்தபோது அக்கா கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். திறக்கப் போகிறவரைப் போலத்தான் இருந்தது. ஆனால் உடம்பு விறைத்து நடுங்கியது. கைப்பிடியை நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி கெட்டியாகப் பிடித்திருந்தார். கரண்டு அந்தக் கையை இறுக்கி மூடிவிட்டது, அவரால் இனி விட முடியாது. சிலிப்பர்கள் இரண்டும் பக்கத்தில் ஜோடியாக இருந்தன.

அதே நேரத்தில் சின்னசாமி அண்ணனும் பார்த்துவிட்டார். தள்ளுவண்டியைப் போட்டுவிட்டு, "பாக்கியம்! பாக்கியம்!" என்று தண்ணீரைத் தெறித்துக்கொண்டு ஓடிவந்தார். அவரும் வெறுங்கால்.

இரண்டே வழிதான் இருந்தது. சுவிட்சை நோக்கி ஓடலாம், அதற்குள் அவர் மனைவியைத் தொட்டுவிடுவார், இரண்டு பேரும் போவார்கள். அல்லது அவரைப் பிடிக்கலாம். நீயே போய் அக்காவை இழுத்திருக்கலாமே என்று பின்னால் பலர் கேட்டார்கள். கட்டையால் தட்டியிருக்கலாமே என்றார்கள். என் பூட்ஸில் தண்ணீர், அங்கே கிடந்த எல்லாக் கட்டையும் மழையில் ஊறிய கட்டை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் இன்னும் நாலு வழிகூடத் தோன்றும். நான் சின்னசாமி அண்ணன் இடுப்பில் பாய்ந்து சேற்றில் தள்ளி மேலே விழுந்தேன்.

"அண்ணே, சுவிட்ச்! மெயின் சுவிட்ச்!" என்று கத்தினேன்.

அண்ணன் அசையவில்லை. சுவிட்ச் அவர் கைக்கு எட்டுகிற தூரம்தான். அவர் அக்காவையே பார்த்துக்கொண்டு, "எர்த்து இருக்குடா... எர்த்து இருக்கு..." என்றார். எர்த் இருக்கும் இடத்தில் இப்படி நடக்காது, நடக்காதது எப்படி நடக்கும் என்பதுபோல நின்றார். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எனக்கு அடியில் கிடந்தவர் திமிறினார், கெஞ்சினார், கெட்ட வார்த்தையில் திட்டினார், கடைசியில் என் முழங்கைக்குக் கீழே கடித்தார். சதை பிய்ந்தது. நான் விடவில்லை.

கடைசியில் அண்ணன் சுவிட்சை இறக்கிய சத்தம் கேட்டது. அக்கா கீழே சரிந்தார்.

கேரவன் பார்க்கின் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மின்அறைகளில் ஒட்டியிருக்கும் படத்தில் உள்ளபடி நான் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தேன். அந்தக் கடற்கரைச் சாலையின் வளைவுகளில் நிமிர்ந்து இருப்பதே கஷ்டம். சின்னசாமி அண்ணன் அக்காவின் கால்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்துக்கொண்டே வந்தார். என் பக்கம் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை நிறுத்தச் சொன்னார். நான் உடனே நிறுத்தவில்லை, நர்ஸ் வந்து என் கையைப் பிடித்து எடுக்க வேண்டியிருந்தது.

நான் திரும்பி வந்தபோது அண்ணன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அந்தப் பச்சை ஓஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேரவன் பார்க் மேனேஜர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, நீயாவது சொல்லு" என்றார் மேனேஜர் என்னிடம். "ஆபீசர்ங்க வந்துகிட்டு இருக்காங்க. இந்த ஓஸ எடுத்துட்டு ஒரு இரும்புப் பைப்ப மாட்டிட்டா போதும். ஈரக் கையோட தொட்டுட்டாங்கன்னு முடிஞ்சிடும். செத்தவங்க திரும்பி வரப் போறாங்களா? உங்க அண்ணனோட லைசென்சுக்காகத்தான் சொல்றேன் லா."

மேனேஜர் பொய் சொல்லவில்லை, அந்த ஓஸ் அங்கே இருந்தால் அண்ணனின் தொழில் போய்விடும். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"நீ அதத் தொட்டேன்னா கைய ஒடிச்சிடுவேன்" என்றார், தலையைத் தூக்காமல். "அது அங்கதான் கெடக்கணும். அத எடுத்துட்டா அவ கவனமில்லாம செத்துட்டான்னு எழுதுவாங்க. அவ மகளும் நாளைக்கு அதத்தான் படிப்பா."

அதிகாரிகள் வரும்வரை அவர் அந்த வாளியை விட்டு எழவில்லை. வந்ததும் அவரே ஓஸைக் காட்டினார், அவரே கிளிப்பைக் காட்டினார். அவருடைய லைசென்ஸ் போனது. அதன் பிறகு அவர் ஒரு பல்பைக்கூட மாட்டவில்லை. அவர் வீட்டில் பல்பு போனால் நான்தான் போய் மாட்டுவேன். தவறே செய்யாத ஆளைப் பார்த்து நான் தொழில் பழகவில்லை, தம்பிகளே. தவறுக்குப் பக்கத்தில் வாளியைப் போட்டு உட்கார்ந்திருந்த ஆளிடம் பழகினேன். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால், இரும்புக் குழாயோடு ஒருவர் கண்டிப்பாக வருவார். நல்லவராகத்தான் வருவார்.

மறுநாள் சுங்கை பினாங்கில் துக்க வீட்டுக்கு இருவரும் போனோம். போகவேண்டாம், அடிப்பார்கள் என்று பலர் தடுத்தார்கள். அண்ணன் கேட்கவில்லை. கூடத்தில் அந்தப் பெண்பிள்ளை அம்மாவின் காலடியில் சுருண்டு கிடந்தாள். சின்னசாமி அண்ணன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அந்த எர்த்து நான் போட்டது" என்றார். "கெட்டியாப் புடிக்கச் சொன்னதும் நான்தான். சுவிட்ச்சுகிட்ட நின்னுகிட்டு உடனே அமத்தாம இருந்ததும் நான்தான். நீ என்ன செஞ்சாலும் வாங்கிக்கிறேன்."

சின்னசாமி அண்ணன் கையை நீட்டி அவர் தோளில் வைத்தார்.

"நீங்க தெரியாம செஞ்சீங்க அண்ணே" என்றார். "நானுந்தான் கெட்டியாப் புடின்னு சொன்னேன்."

அடுத்து என்னைப் பார்த்தார். கட்டுப்போட்ட என் கையைப் பார்த்தார்.

"நீ தெரிஞ்சே புடிச்ச. அவ அங்க நிக்கறா, பாத்துக்கிட்டே என்னைப் புடிச்ச. உன்னத்தான்பா என்னால முடியல. எந்திரிச்சுப் போயிடு."

நான் எழுந்து வெளியே வந்தேன். வாசலில் கிடந்த அத்தனை சிலிப்பர்களுக்கு நடுவே என்னுடையது எது என்று எனக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு பஸ் நிற்கும் இடம்வரை நடந்தேன்.

அதன் பிறகு அவரைத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் சில முறை பார்த்திருக்கிறேன். அவர் என்னைக் கண்டதும் படியின் மறுபக்கத்துக்குப் போய்விடுவார். எனக்கு முதலில் கோபம் வந்தது. உயிரைக் காப்பாற்றினவனுக்கு இதுதானா என்று வீட்டில் கத்தியிருக்கிறேன். பிறகு கோபம் போய்விட்டது, வருத்தம் மட்டும் தங்கிவிட்டது. நானே அந்த இடத்தில் இருந்து, என் மனைவி அந்தக் கதவில் நின்றிருந்தால், என்னைப் பிடித்தவனை நானும் மன்னித்திருப்பேனா தெரியவில்லை.

இப்போது ஒவ்வொரு ஹீட்டருக்கும் கரண்டு கசிந்தால் தானே விழும் சுவிட்ச் வந்துவிட்டது. நல்லது. ஆனால் எங்காவது ஒரு அக்கா உங்களிடம் வந்து கதவு கடிக்கிறது, குழாய் கடிக்கிறது என்று சொன்னால், உங்கள் பூட்ஸோடு போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லாதீர்கள். கரண்டை அணைத்துவிட்டு, அவர் எங்கே நிற்பார், காலில் என்ன இருக்கும், தரை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். டெஸ்ட் மீட்டரின் ஒரு முனையை அவர் கை வைக்கும் இடத்திலும் இன்னொரு முனையை அவர் கால் வைக்கும் மண்ணிலும் வைத்துவிட்டு, யாரும் தொடாமல் கரண்டைப் போட்டுப் பாருங்கள். நான் சிலிப்பரைப் பார்ப்பது அதற்காகத்தான். யாராவது கதவில் ஒட்டிக்கொண்டு நின்று, இன்னொருவர் ஓடிவருவதைப் பார்த்தால், ஓடிவருகிறவரைப் பிடியுங்கள். கடிப்பார், விடாதீர்கள்.

தொண்ணூறுகளில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. டீச்சராகத்தான் ஆகியிருந்தாள். அண்ணனுக்குப் பத்திரிகை வந்தது, சின்னசாமி அண்ணனே வீடு தேடிப் போய்க் கொடுத்தாராம். எனக்கு வரவில்லை. கல்யாணம் முடிந்த சாயங்காலம் நான் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் வேட்டியைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி நடந்துச்சு அண்ணே?" என்று கேட்டேன்.

"நல்லா நடந்துச்சு" என்றார். சின்னசாமி அண்ணன் கடித்த தழும்பை என் கையில் பார்த்தார். "மாப்பிள்ள வீட்டுக்குக் கெளம்புற நேரத்துல அந்தப் புள்ள அப்பனக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதா பாரு... நாலு பேரு வந்து இழுத்தாங்க. விடமாட்டேன்னுட்டா லா."